நானும் ஃபாலோ பண்றேன்

ஃபாலோ என்ற சொல்லைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் மட்டும் என் கையில் கிடைத்தால், அவனை ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கவைப்பேன். அவன் ஊரில் அதற்கு ஒருவர் பின்னால் ஒருவர் போவது என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் அப்படி இல்லை. "பாசாருக்குப் போறேன் அத்தை" என்று நான் சொன்னால், "இரு ஏமி, நானும் ஃபாலோ பண்றேன்" என்று என் மாமியார் சாந்தமேரி செருப்பைத் தேடத் தொடங்குவார். கூட வருகிறேன் என்று அர்த்தம். மலேசியாவில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறோம், அதில் குற்றமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருக்கிறோம். நான், என் கணவன் கென்னத், அவன் அம்மா. மாமனார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். குப்பை போடக் கீழே இறங்கினாலும் லிஃப்டில் என்னோடு யாராவது ஒருவர் வருவார். கென்னத்துக்கு அந்தச் சொல் இன்னும் பல வேலைகள் செய்யும். கார் இன்சூரன்ஸைப் பற்றி நீளமாக விளக்கிவிட்டு, "ஃபாலோ பண்றியா?" என்பான். புரிகிறதா என்று கேட்கிறானாம். "மம்மி சொல்றத ஃபாலோ பண்ணு" என்றால் எதிர்த்துப் பேசாதே என்று பொருள். மாமியாரின் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் ஃபாலோ-அப், அதற்கு நான் ஃபாலோ. இன்ஸ்டாகிராமிலும் கென்னத் என்னை ஃபாலோ பண்ணுகிறான், அவன் சொந்தக்காரர்களும்தான். நான் ரசம் வைத்துப் படம் போட்டால், கொத்தமல்லி ஏன் கம்மி என்று ஈப்போவிலிருந்து ஒரு சித்தி கேட்பார்.

யாரும் என்னை அடிப்பதில்லை, திட்டுவதில்லை. எல்லாம் அன்புதான், அதில்தான் எனக்கு மூச்சு முட்டியது. இதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது? "உன்ன விட்டு ஒரு நிமிஷம் பிரிய மாட்டேங்கறாங்க, நீ கொடுத்து வச்சவடி" என்று ரவாங்கிலிருந்து என் அம்மாவே போனில் சொல்கிறார். தேவாலயத்தில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் நேரத்தில்தான் நான் தனியாக இருந்தேன். அங்கேயும் வெளியே முதல் பெஞ்சில் மாமியார் முட்டியைத் தடவியபடி காத்திருப்பார்.

கல்யாணத்துக்கு முன்பு நான் சுங்கை வேயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். கல்யாணமானதும், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு என்றான் கென்னத். பிறகு மாமியாருக்கு முட்டி ஆபரேஷன். ரெஸ்ட் மூன்று வருடமாக நீண்டது. போன வருடம் கிள்ளானில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இன்டர்வியூ கிடைத்தது. வீட்டில் சொன்னேன். கென்னத் லீவு போட்டுவிட்டு ஃபாலோ பண்ணினான். மாமியார் முறுக்கு டப்பாவோடு ஃபாலோ பண்ணினார். நான் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது அவர் வரவேற்பறையில் இருந்த பெண்ணுக்கு முறுக்கு கொடுத்து, "அஞ்சு மணிக்கெல்லாம் பிள்ளைய விட்ருவீங்கதான?" என்று கேட்டிருக்கிறார். கென்னத் பார்க்கிங் வசதியையும் கழிவறையையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என்னைப் பேட்டி எடுத்தவர் கடைசியில் சிரித்துக்கொண்டே, "உங்க குடும்பம் ரொம்ப சப்போர்ட்டிவ்" என்றார். அந்த வேலை கிடைக்கவில்லை.

அதனால்தான் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. பழைய தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த மலர்விழி இப்போது அங்கேயே ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். சூப்பர்வைசர் இடம் ஒன்று காலி, முதல் சுற்றைப் போனிலேயே முடித்துவிட்டாள். இரண்டாவது சுற்று ஜப்பான்காரர் ஒருவரோடு, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. வெள்ளி மதியம் மாமியாருக்குத் தேவாலயத்தில் மரியாயின் சேனைக் கூட்டம், கென்னத்துக்கு ஆபீஸ். வாரத்தில் எனக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான். சான்றிதழ்களைக் காரின் ஸ்பேர் டயருக்கு அடியில் ஒளித்து வைத்தேன். என் சொந்தச் சான்றிதழ்களை நானே திருடியதுபோல் இருந்தது. அந்த வேலை கிடைத்தால் தினமும் காலையில் ஒரு கதவைத் தாண்டி உள்ளே போவேன், அந்தக் கதவுக்குள் வேறு யாரும் வர முடியாது. சம்பளத்தைவிட அந்தக் கதவுக்குத்தான் நான் ஏங்கினேன்.

புதன்கிழமை கிரிகரி மாமா இறந்துபோனார். மாமியாரின் ஒரே அண்ணன். கிள்ளானில் இருந்தார், நல்ல மனிதர். அடக்கம் வெள்ளிக்கிழமை என்று கென்னத் போனை வைத்துவிட்டுச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம். செத்தவர் மேல் கோபப்படலாமா? நான் பட்டேன். வியாழக்கிழமை போகக் கூடாதா, சனிக்கிழமை போகக் கூடாதா என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மாமியார் கதவைத் தட்டி, "அழாத ஏமி, அண்ணன் மோட்சத்துக்குத்தான் போயிருப்பாரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

மலர்விழியிடம் இன்டர்வியூ தேதியை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். "முடியாது ஏமி. மேனேஜர் சனிக்கிழமை ஜப்பானுக்குத் திரும்பறாரு. நீ எப்படியாவது வந்துரு" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிள்ளான் தேவாலயத்தில் பன்னிரண்டு மணிக்குப் பூசை, ஒரு மணிக்கெல்லாம் அடக்கம். தலைவலி என்று ஏதாவது சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மூன்று மணிக்குச் சுங்கை வே போய்விடலாம். கென்னத்தும் மாமியாரும் துக்க வீட்டில் இருப்பார்கள். அன்றைக்காவது என்னை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

பூசை முடிந்தும் பேச்சு முடியவில்லை. மாமாவைப் பற்றிப் பேச ஆள் மாற்றி ஆள் மைக்கைப் பிடித்தார்கள். அவருடைய பழைய சிநேகிதர் பழனியப்பன் அங்கிள், இருவரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போன கதையை ஆதியிலிருந்து தொடங்கினார். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டியை வேனில் ஏற்றும்போது மணி ஒன்றே முக்கால்.

கென்னத் என்னிடம் ஓடிவந்து கார் சாவியைக் கையில் திணித்தான். "நான் வேன்ல மாமாகூட போறேன். நீ மம்மிய ஏத்திக்கிட்டுப் பின்னால ஃபாலோ பண்ணு."

"கல்லறை எங்க கென்? பேரு என்ன?"

"ஃபாலோ பண்ணா போதும்லா. டபுள் சிக்னல் போட்டுக்க, நடுவுல யாரையும் விடாத. புது ஃபாதருக்கு வழி தெரியாது, உன்ன ஃபாலோ பண்ணச் சொல்லிட்டேன்."

எங்கள் ஆட்களின் துக்க ஊர்வலங்களில் இதுதான் வழக்கம். யாரும் முகவரி கேட்பதில்லை, போனில் வரைபடம் பார்ப்பதில்லை. கேட்டால் மரியாதை இல்லாததுபோல் இருக்கும். முன்னால் பெட்டி போகும், பின்னால் கார்கள் நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டு ஒட்டிக்கொண்டு போகும். முன்னால் போகிறவனுக்கு வழி தெரியும் என்று எல்லாரும் நம்புவார்கள்.

மாமியார் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கையில் செபமாலை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. எனக்குப் பின்னால் ஃபாதரின் சாம்பல் நிறக் கார், அதற்குப் பின்னால் பழனியப்பன் அங்கிளின் கார், அப்புறம் ஒரு நாலைந்து கார்கள். கிள்ளான் டவுனுக்குள் நுழையும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. சிக்னல் ஒன்றில் கன்டெய்னர் லோரி ஒன்று குறுக்கே புகுந்தது. நான் ஹார்ன் அடித்தேன், அவன் நகரவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த கார்கள் எல்லாப் பக்கத்திலும் நெருக்கின. லோரி ஒருவழியாக விலகியபோது முன்னால் வேனைக் காணவில்லை. பதறிப்போனேன். கொஞ்ச தூரத்தில், பூ வைத்த வெள்ளை வேன் ஒன்றும் விளக்கு மினுக்கும் கார்களும் வலது பக்கம் திரும்புவது தெரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்துப் போய் ஒட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஃபாதரும் மற்றவர்களும் வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறிய பிறகுதான் வேனின் பின் கண்ணாடியை நன்றாகப் பார்த்தேன். மாலை போட்ட ஒரு படம் ஒட்டியிருந்தது. படத்தில் ஓர் அம்மா, நெற்றி நிறைய விபூதி. கிரிகரி மாமாவுக்குப் பெரிய மீசை. எங்கேயும் சிலுவை இல்லை. யாரோ ஓர் இந்து அம்மாவை மின்சுடலைக்குக் கொண்டுபோகிறார்கள், நான் என் மாமியாரையும் ஒரு ஃபாதரையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

அப்போது தலைக்கு மேலே பச்சைப் பலகை தெரிந்தது. ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா. இதே சாலையில் நேராகப் போனால் சுங்கை வே. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடவுளே பார்த்து ரோட்டைத் திருப்பிவிட்டார் என்று தோன்றியது. பேசாமல் ஓட்டினேன். பக்கத்தில் மாமியாரின் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அண்ணனின் குழியில் ஒரு பிடி மண் போட வந்தவர். கொஞ்ச தூரத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, நம்ம தப்பான வேன் பின்னால வந்துட்டோம்."

"தெரியும்மா" என்றார்.

எனக்கு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது. "எப்பத் தெரியும்?"

"அந்த லோரி போனதும் பாத்தேன். அண்ணன் வேன் நேரா போச்சு. நீ இந்தப் பக்கம் திரும்பின."

"ஏன் அத்தை சொல்லல?"

"நீதான ஓட்டுற. உனக்கு வேற வழி தெரியும்னு நெனச்சேன்." செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். "நான் யாருக்கும் வழி சொன்னதில்ல ஏமி. உங்க மாமனார் தப்பா போனாலும் சும்மாதான் உக்காந்திருப்பேன். ஒரு தடவ ரவாங் போறோம்னு கெளம்பி ஊரு பேரே தெரியாத ஏதோ ஒரு கம்பத்துல போய் நின்னோம். அப்பவும் நான் வாயத் தொறக்கல."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. அவர் மேல் கோபமா, என் மேலேயா, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் சில வருடங்கள் போனால் நானும் இப்படித்தான், தப்பான ரோட்டில் போகிறோம் என்று தெரிந்தும் கையில் எதையோ உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று பயம் வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எனக்கு இன்னிக்கு இன்டர்வியூ அத்தை. மூணு மணிக்கு, சுங்கை வேயில. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நீங்களும் வருவீங்க, அவரும் வருவாரு. கடைக்குப் போனா வரீங்க, குப்ப போடப் போனா வரீங்க. எனக்கு மூச்சு முட்டுது அத்தை. ஒரே ஒரு எடத்துக்காவது நான் தனியா போகணும்."

முன்னால் போன வேன் சீராகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துக் கார் ஒன்றின் ஜன்னல் வழியே ஒருவர் கையை நீட்டி, இடைவெளி விடாமல் கிட்ட வாங்க என்று எனக்குச் சைகை காட்டினார்.

"சுங்கை வே இந்த ரோட்லதான் இருக்கா?" என்று மாமியார் கேட்டார்.

"ஆமா. நேரா போனா வரும்."

"அப்ப போ."

"அத்தை?"

"அண்ணன் இனிமே எங்கயும் போக மாட்டாரு. நான் நாளைக்கு வந்து மண்ணு போட்டுக்கறேன். நீ போ." சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

மூன்று வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த எதுவும் இவ்வளவு பெரியதில்லை. போகலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது கென்னத் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏமி, எங்க இருக்க? ஃபாதர் எங்க? பெட்டிய குழிகிட்ட எறக்கிட்டோம், வெயில்ல எல்லாரும் நிக்கறாங்க."

கண்ணாடியில் பார்த்தேன். சாம்பல் நிறக் காரில் வெள்ளை அங்கியோடு ஃபாதர், கண்ணை என் காரை விட்டு எடுக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அத்தனை கார்களும் மினுக்கிக்கொண்டிருந்தன.

"பின்னாலதான் வராரு" என்றேன்.

"பின்னாலன்னா எங்க?"

"ஷா ஆலம் தாண்டிட்டோம்."

"ஷா ஆலமா! நீ யாரடி ஃபாலோ பண்ண?"

நான் போனை வைத்தேன். இப்படியே சுங்கை வேக்குப் போனால் என்ன ஆகும் என்று மனதில் ஓடியது. தொழிற்சாலைக் காவலாளி தடுப்பைத் தூக்குவார், எனக்குப் பின்னால் அத்தனை கார்களும் விளக்கை மினுக்கியபடி உள்ளே வரும், ஃபாதர் தீர்த்தத்தோடு இறங்குவார். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

பத்து தீகா என்ற இடத்தில் ஹைவேயை விட்டு வெளியேறி, ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தினேன். எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். கென்னத்திடம் இடத்தை அனுப்பச் சொல்லி போனில் வாங்கிக்கொண்டேன். மாமியாரை ஃபாதரின் காரில் ஏற்றிவிட்டு, இவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் போதும். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஃபாதரின் கார்க் கண்ணாடியருகே போனேன்.

"ஃபாதர், கொஞ்சம் வழி தப்பிப் போச்சு. இதோ லொக்கேஷன். இத உங்களுக்கு அனுப்பறேன், இதப் பாத்துப் போயிருங்க. அத்தையையும் நீங்க கூட்டிட்டுப் போங்க."

ஃபாதர் சின்ன வயதுக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முகம் வெளிறிவிட்டது. "இல்லம்மா, எனக்கு இந்த ஹைவேயெல்லாம் பழக்கம் இல்ல. நீங்க முன்னால போங்க, நான் உங்களையே ஃபாலோ பண்றேன்."

பழனியப்பன் அங்கிள் இறங்கி வந்தார். "என்ன ஏமி, பெட்ரோல் இல்லையா?"

"அங்கிள், நீங்க முன்னால போறீங்களா? லொக்கேஷன் தரேன்."

"எனக்கு அந்த போனெல்லாம் பாக்கத் தெரியாதும்மா. நீ போ. நீ போன, நாங்க வந்தோம். இப்பவும் அப்படியே வரோம்." பின்னாலிருந்த கார்களிலும் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் முன்னால் போகச் சம்மதிக்கவில்லை. ஏன் இவ்வளவு தூரம் வந்தோம் என்றுகூட யாரும் கேட்கவில்லை. கிள்ளானில் கல்லறை இவ்வளவு தள்ளியா இருக்கிறது என்று ஃபாதர் மட்டும் ஆச்சரியப்பட்டார்.

அப்போது மாமியார் காரிலிருந்து இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏமிக்கு இன்னிக்கு ஒரு வேல இருக்கு..." என்று தொடங்கினார். அவர் யாரிடமும் இப்படிக் குரல் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

"என்ன வேல? அண்ணன் அடக்கத்த விட என்ன பெரிய வேல?" என்றார் பழனியப்பன் அங்கிள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மாமியார் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு காருக்குள் ஏறிவிட்டார். நானாவது சொல்லியிருக்கலாம். கிரிகரி மாமா குழிக்குப் பக்கத்தில் கிடக்கும்போது வேலை தேடிப் போனவள் என்று எல்லாக் கல்யாணத்திலும் எல்லாக் கருமாதியிலும் பேசுவார்கள் என்ற பயத்தில் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெட்ரோல் நிலையத்தில் நான்கு பக்கமும் ரோடு இருந்தது. போக எனக்கு ஒரு ரோடுகூட இல்லை.

காரை எடுத்தேன். திரும்பவும் கிள்ளான் பக்கம். முன்னால் இப்போது வேன் இல்லை, நான்தான் முதல். மலர்விழியை அழைத்து, வர முடியவில்லை என்றேன். காரணம் சொன்னேன். அவள் நல்லவள், "அடடா, பாவம்" என்றாள். "பரவால்ல ஏமி, நான் மேனேஜர்கிட்ட பேசிட்டு உனக்கு ஃபாலோ-அப் பண்றேன்."

நானும் ஆபீஸில் வேலை பார்த்தவள்தான். ஃபாலோ-அப் பண்றேன் என்றால் இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்று அர்த்தம். தேங்க்ஸ் என்று சொல்லிப் போனை வைத்தேன். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மழை பிடித்துக்கொண்டது.

கல்லறையில் எல்லாரும் குடைக்கு அடியில் காத்திருந்தார்கள். மாமாவின் மகன் கெல்வின் ஃபாதரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "ஏமி அக்கா மட்டும் இல்லன்னா இன்னிக்கு அடக்கமே நடந்திருக்காது" என்றான். தொலைந்துபோன எல்லாரையும் நான் தேடிப் பிடித்துக் கூட்டிவந்ததாக அவனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். பெட்டி இறங்கியபோது மாமியார் குனிந்து ஈர மண்ணை அள்ளிப் போட்டார். கால் வழுக்கியது, நான் பிடித்துக்கொண்டேன். அவர் அழுத அழுகையைக் கேட்டபோது, திரும்பி வந்தது நல்லதுதான் என்றும் தோன்றியது. மணி மூன்றைத் தாண்டி, என் வேலையும் போயிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன, அதனால் எதற்காக அழுகிறேன் என்று தெரியாமலே நானும் அழுதேன்.

சடங்கெல்லாம் முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். பழனியப்பன் அங்கிள் கென்னத்தின் தோளைத் தட்டி, "இனிமே எந்த விசேஷத்துக்கும் உன் சம்சாரம்தான்ப்பா முன்னால போகணும், நாங்க ஃபாலோ பண்ணிக்கறோம்" என்றார். கென்னத் பெருமையோடு சிரித்தான். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அவன் சட்டை முழுக்க மண். மாமாவின் பெட்டியைத் தூக்கியவன். அவனை வெறுக்கக்கூட என்னால் முடியவில்லை.

மாமியார் ஓரத்தில் இருந்த குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த வேல போயிருச்சா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"போயிருச்சு அத்தை."

"அங்க நான் சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு." நகத்துக்குள் இருந்த மண்ணை நெடுநேரம் தேய்த்தார். "வேற எங்கயாச்சும் கூப்புடுவாங்க. நீ படிச்ச பிள்ள."

"கூப்புட்டா உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறேன் அத்தை" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த வீட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று அந்த நிமிடம் நம்பினேன்.

அவர் சட்டென்று திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஈரமாக, குளிர்ந்து இருந்தது. கென்னத் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். அவன் காதில் விழாதபடி வேகமாகச் சொன்னார்.

"வேணாம் ஏமி. என்கிட்டயும் சொல்லாத. ஏதாச்சும் பொய் சொல்லிட்டு ஓடிப் போயிரு. சொன்னா நான் வந்துருவேன். வரக் கூடாதுன்னுதான் நெனைப்பேன். ஆனா அந்த வீட்டுல தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கும்மா."